கல்லில் வெட்டிய விகிதம்

காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் வாங்கிய விதத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். கடலிலிருந்து கரைக்கு இறங்கும் சரக்கும் கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் சரக்கும் பண்டசாலை முற்றத்தில் மலைபோலக் குவிகின்றன. நல்ல பெயரெடுத்த அதிகாரிகள் ஓய்வில்லாமல் அவற்றை எடை பார்த்து, சோழனின் புலி முத்திரையைப் பொறித்து, தீர்வை வாங்கிக்கொண்டு வெளியே விடுகிறார்கள். கடல் வழியே குதிரைகள் வருகின்றன; வண்டிகளில் மிளகு மூட்டைகள் வருகின்றன; வடமலைப் பொன், மேற்கு மலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு என்று பட்டியல் நீள்கிறது. இந்த வட்டாரத்திலுள்ள கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு நடத்தியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், தோணிகளைக் கட்டி நிறுத்தும் மரத்தூண்களும் வெளிப்பட்டன.

அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு காட்சி இருக்கிறது. முதுகில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் வரிசையாகப் போகின்றன. பின்னால் வணிகச் சாத்து நடக்கிறது. அது சுங்கம் வாங்கும் பெருவழி. வழி பிரியும் இடங்களில் வில்லேந்திய காவலர்கள் நிற்கிறார்கள். வணிகன் கொடுக்கும் சுங்கத்துக்குக் கைமாறாக வழியில் காவல் கிடைத்தது. அரசனுக்கு உரிய செல்வங்களில் ஒன்றாகத் திருக்குறளும் சுங்கத்தைக் கணக்கில் வைத்திருக்கிறது.

வரியின் வரலாற்றை அரசர்களின் பக்கமிருந்து எழுதுவதே வழக்கமாக இருந்துவருகிறது. எந்த மன்னன் எத்தனை கோயில் கட்டினான், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்போம். சாவடியில் மூட்டையை இறக்கி வைத்து நின்றவர்கள் யார் என்று கேட்பது குறைவு. வணிகர், நெசவாளர், செக்கு வைத்திருந்தவர், உப்பு விளைவித்தவர், தட்டார், கப்பலேறிய பயணி என்று அவர்கள் பல தரப்பினர். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தொகை கூடுதலா குறைவா என்பது மட்டும் அவர்களுடைய கவலையாக இருக்கவில்லை. தொகை இவ்வளவுதான் என்பது கட்டப்போகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்த காலங்களில் வணிகம் தழைத்தது. வாங்குகிறவர் மனம்போல அது மாறிய காலங்களில் ஊர் அழிந்தது, சில சமயம் கிளர்ந்தெழுந்தது.

முதலாம் குலோத்துங்கன் 1070 முதல் 1122 வரை சோழ நாட்டை ஆண்டான். கலிங்கம் வென்றவன், நிலத்தை அளக்கச் செய்தவன், 1077இல் 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனத்துக்குப் போனதும் இவன் காலத்தில்தான். ஆயினும் மக்கள் வாயிலும் கல்வெட்டிலும் நிலைத்த பட்டம் வேறு. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே அவனை அழைத்தார்கள். ஊர்ப் பெயர்களில்கூட அந்தப் பட்டம் ஏறியது. ஓர் அரசன் வாங்காமல் விட்ட வரியால் நினைக்கப்படுவது அரிது. வழிநெடுகச் சாவடிகளில் நின்று நின்று சரக்கு கொண்டுபோன வணிகர்களுக்கு அந்த ஆணை எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை அந்தப் பட்டமே காட்டுகிறது.

கடல் கடந்த உறவிலும் அவன் இதே வழியில் போனான். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு உரிய ஊர்களின் வரிகளை நீக்க வேண்டும் என்று கடார மன்னனின் தூதர்கள் கேட்டார்கள். 1090இல் அவன் அதற்கு இசைந்து கொடுத்த ஆணை இன்று சிறிய லெய்டன் செப்பேடு என்ற பெயரில் அறியப்படுகிறது. கடாரத்து வணிகருக்கும் சோழநாட்டு வணிகருக்கும் ஒரே கடல்தான் வாழ்வு. விகாரத்துக்குக் கிடைத்த சலுகையை அந்தக் கடல் வணிகத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் தமிழ் வணிகர்கள் வெளிநாட்டில் தாங்களே கட்டணம் வாங்கும் இடத்திலும் இருந்தார்கள். சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற கற்பூரத் துறைமுகம் இருந்தது. அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அதை வெட்டி வைத்தது. துறைமுகத்துக்கு வரும் மரக்கலத்தின் தலைவரும் கப்பலைச் சேர்ந்தவர்களும் கஸ்தூரியின் விலைக்குத் தக்க அளவு பொன்னைச் செலுத்திவிட்டுத்தான், அவர்களுக்காக விரித்த நடைபாவாடைத் துணிமேல் கால் வைத்து உள்ளே வரவேண்டும் என்பது அதில் கண்ட விதி. ஊரை விட்டு இத்தனை தொலைவில் இருந்தும் விதியைக் கல்லில் வெட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். அளவுகோலாக ஒரு பண்டத்தின் சந்தை விலையையே எடுத்துக்கொண்டதால், வருகிறவர் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க முடிந்தது.

ஐந்நூற்றுவர் குழுவின் பெருமையைத் தமிழ்நாட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்குப் போகலாம். பாடல்பெற்ற தலமான திருக்கொடுங்குன்றம் அதுதான். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அங்குள்ள கல்வெட்டில் பல வணிகக் குழுக்கள் கூடி எடுத்த முடிவு பதிவாகியிருக்கிறது. தங்கள் வழியே போகும் ஒவ்வொரு சரக்குக்கும் கோயிலுக்கென்று இவ்வளவு கொடுப்போம் என்று அவர்களாகவே ஒப்புக்கொண்டார்கள். உப்பு, அரிசி, பயறு, ஆமணக்கு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், குதிரை, யானை என்று அந்தக் காலத்துச் சந்தை முழுவதும் அந்தச் சுவரில் இருக்கிறது. எந்த அதிகாரியும் கட்டாயப்படுத்தி எழுதிய பட்டியல் இல்லை. வணிகர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்டது.

இந்த வழக்கம் பிற்காலத்தில் மகமை என்ற பெயரில் தொடர்ந்தது. விருதுநகர் நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து கொடுத்த மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும் 1889இல் சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளியை எழுப்பினார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். கொடுத்த காசு எங்கே போகிறது என்பது கண்முன்னே தெரிந்ததால் கடைக்காரர்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

தமிழகத்துக்கு வெளியே, அதே வங்கக் கடலின் ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்ற துறைமுகம் இருந்தது. இன்று அது சிறிய கடலோர ஊர். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் அங்கே நிறுத்திய சாசனம் சுங்க வரலாற்றில் தனி இடம் பெற்றது. புயலில் சிக்கி உடைந்து கரை ஒதுங்கும் கப்பல்களில் இருந்த யானை, குதிரை, மணி முதலிய எல்லாவற்றையும் முந்தைய அரசர்கள் பிடுங்கிக்கொள்வது வழக்கம். உயிரினும் மேலாகப் பொருளைக் கருதிக் கடலில் இறங்கியவர்களிடம் அப்படிச் செய்வது தகாது என்று கணபதிதேவன் எண்ணினான். வரையறுத்த தீர்வை தவிர வேறெதையும் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் முப்பதில் ஒரு பங்கு என்பது பொது விகிதம். சந்தனம், கற்பூரம், பன்னீர், தந்தம், செம்பு, ஈயம், பவளம், பட்டு, மிளகு, பாக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி விகிதம் அதிலேயே சொல்லப்பட்டது. அஞ்ச வேண்டாம் என்று வணிகருக்கு அரசன் கொடுத்த இந்த உறுதிமொழியை அபய சாசனம் என்கிறார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகங்களில் மோட்டுப்பள்ளியும் ஒன்று.

விகிதம் வரையறையில்லாமல் போனபோது என்ன ஆகும் என்பதற்குக் காவிரிச் சமவெளியும் விருத்தாசலமும் சாட்சி. விஜயநகர ஆட்சியில், இரண்டாம் தேவராயன் காலத்தில், அரசு அதிகாரிகளும் நிலமானியம் பெற்றவர்களும் விளைச்சலைப் பார்க்காமல் வரி கேட்டார்கள். உழுகிறவர்களும் தொழில் செய்கிறவர்களும் ஊரைவிட்டு ஓடிப்போகும் நிலைக்கு வந்தார்கள். வலங்கை என்றும் இடங்கை என்றும் பிரிந்து தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த சாதிகள் 1429இல் ஒன்றாகக் கூடின. விருத்தாசலம், கொறுக்கை, ஆடுதுறை ஆகிய ஊர்களின் கோயில்களில் அந்தக் கூட்டங்களின் முடிவு கல்வெட்டாக நிற்கிறது. நாம் ஒற்றுமையாக இல்லாததால்தான் இந்த அநியாயம் நடக்கிறது என்று கொறுக்கைக் கல்வெட்டு வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. இனி விளைச்சலுக்குத் தக்கபடி நியாயமானதை மட்டும் கொடுப்போம், முறையற்றதைக் கொடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். அநியாய வரிக்குக் கணக்கெழுதித் துணைபோகிறவர்களுக்கும் அதில் எச்சரிக்கை இருந்தது. எந்த நிலத்துக்கு எவ்வளவு, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று மக்களே பட்டியல் போட்டார்கள். நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அரசன் வெட்ட வேண்டிய விகிதத்தைக் கட்டுகிறவர்களே வெட்டிய இந்த நிகழ்ச்சி பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய ஒன்று.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் காலூன்றியதே சுங்கப் பேச்சுவார்த்தையோடுதான். 1639இல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் கொடுத்த ஆவணம், கம்பெனியின் சொந்தச் சரக்குக்குச் சுங்க விலக்கும், துறைமுகச் சுங்க வருவாயில் பாதியும் தருவதாகச் சொன்னது. பின்னால் கம்பெனியே அரசானபோது சுங்கம் கடற்கரையோடு நிற்கவில்லை. உள்நாட்டில் சரக்கு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகவும் தீர்வை கட்ட வேண்டியிருந்தது. பல இடங்களில் அதை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். சாவடியில் நிற்கும் வண்டிக்காரருக்கோ நேரம் போனால் சரக்கு கெட்டுப்போகும். பேரம் அங்கே தொடங்கியது.

வங்காளத்தில் இதே முறை எவ்வளவு கேடு செய்கிறது என்று சார்லஸ் டிரெவலியன் என்ற இளம் அதிகாரி 1834இல் விரிவான அறிக்கை எழுதினார். பயணிகளைச் சோதனை போடுவது, கையூட்டு வாங்கும்வரை நிறுத்தி வைப்பது, உள்ளூர்ப் பொருள் வெளிநாட்டுப் பொருளைவிட அதிகத் தீர்வைக்கு ஆளாவது ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டினார். வங்காளத்தில் 1836இலும், பம்பாயில் 1838இலும், சென்னை மாகாணத்தில் 1844ஆம் ஆண்டு 6ஆம் சட்டத்தாலும் உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது.

ஆனால் மொதர்பா ஒழியவில்லை. தறி வைத்திருந்த நெசவாளர், தச்சர், கொல்லர், எண்ணெய் செக்குக்காரர், கடைக்காரர், தெருவோரத்தில் கூறுகட்டி விற்பவர் என்று கைத்தொழிலும் சில்லறை வியாபாரமும் செய்த எல்லோர்மீதும் விழுந்த வரி அது. வருமானம் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. தறி இருக்கிறதா, வரியைக் கட்டு என்பதே கணக்கு. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னைச் சுதேசிகள் சங்கம் 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் மொதர்பாவும் உப்பு வரியும் முக்கியக் குறைகள். வரி பாக்கிக்காக ரயத்துகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரும் லண்டனை எட்டியது. சென்னை அரசு 1854இல் ஆணையம் ஒன்றை அமைத்தது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை, புகார் உண்மை என்று ஏற்றுக்கொண்டது. கிட்டி, அண்ணாந்தாள் என்ற இரண்டு சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே இருக்கின்றன. கிட்டி என்பது கைவிரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி, எழவோ உட்காரவோ விடாமல் வெயிலில் நிறுத்துவது. சில சமயம் முதுகில் கல்லும் ஏறும். கிஸ்தி கட்ட முடியாத குடியானவர்கள் கச்சேரி வாசலில் இப்படி நின்றார்கள்.

டிரெவலியன் 1859இல் சென்னையின் ஆளுநராக வந்தார். மறு ஆண்டு இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியா முழுமைக்கும் வருமான வரியைக் கொண்டுவர முனைந்தபோது, அது சென்னை மக்களுக்கு ஏற்றதல்ல என்று தன் எதிர்ப்பைப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வருமான வரி 1860 ஜூலை 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னரே மொதர்பா மறைந்தது.

உப்பின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். அளத்தில் விளைந்ததைக் குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். கண்ணெதிரே தானாகப் படிந்த உப்பை அள்ளினாலும் குற்றம். கூழுக்கு உப்புப் போடும் கூலிக்காரரும் அதே வரியைத்தான் கட்டினார். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். தொண்டர்களுக்கு உணவு கொடுப்பது குற்றம் என்று தஞ்சை ஆட்சியர் அறிவித்திருந்தும் வழியெல்லாம் மக்கள் சோறு போட்டார்கள். உப்பு வரி 1947இல் ஒழிந்தது.

பயணிகளும் சுங்கத்தின் முன் நின்ற ஒரு பெரிய கூட்டம். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பின், சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு சேரலாம். போட் மெயில் என்று பெயர் வாங்கிய அந்த வழியில் செட்டியார்களும் சென்றார்கள், தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்கட்டப்பட்ட கூலிகளும் சென்றார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு மண்டபம் முகாமில் தனிமைப்படுத்தல். தனுஷ்கோடியில் சுங்கச் சோதனை. ஒரே கடலைக் கடந்தாலும் தகரப் பெட்டியோடு வந்தவருக்கும் துணி மூட்டையோடு வந்தவருக்கும் நடந்த சோதனை ஒன்றல்ல. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியின் ரயில் நிலையத்தையும் சுங்க அலுவலகத்தையும் ஊரோடு சேர்த்துக் கொண்டுபோனது.

விடுதலைக்குப் பின் அதிகமாக அடிபட்டவர்கள் பொற்கொல்லர்கள். சீனப் போரை அடுத்து, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். அந்தத் தங்கத்தில் நம் ஊர் வேலைப்பாடு நிற்காது. வாங்கவும் ஆள் வராது. தலைமுறை தலைமுறையாகப் பட்டறையில் உட்கார்ந்த ஆசாரிகள் வேலை இழந்தார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. காரட் கட்டுப்பாடு சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், 1968இல் தனிச் சட்டமாக மாறிய தங்கக் கட்டுப்பாடு 1990இல்தான் நீங்கியது. கடத்தலைத் தடுப்பதற்கென்று வந்த விதியின் பாரம் கடத்தலில் பங்கே இல்லாத ஒரு தொழிலாளர் கூட்டத்தின் தலையில் விழுந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு முறையையும் சென்னை மாகாணம் காட்டியது. மதுவிலக்கால் போன வருவாயை ஈடுகட்ட ராஜாஜி 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அதுவே முதல் பொது விற்பனை வரி. அப்போது எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால் சிறு கடைகளுக்கு விலக்கும் மற்றவர்களுக்குக் குறைந்த, வரையறுத்த விகிதமும் இருந்ததால் அந்த முறை நிலைத்தது. மற்ற மாகாணங்களும் பின்பற்றின. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளில் லாரிகள் வரிசைகட்டி நின்ற விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 1844இல் மாகாணத்துக்குள் நடந்தது, 173 ஆண்டுகள் கழித்து மாநிலங்களுக்கு இடையே நடந்தது.

இன்று மத்திய அரசின் வரிகளை வாங்கும் பொறுப்பு மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்திடமும் மத்திய நேரடி வரிகள் வாரியத்திடமும் இருக்கிறது. கண்டெய்னரில் இயந்திரம் இறக்கும் தொழிலதிபர், திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் ஏற்றுமதியாளர், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் தொழிலாளி, மாதம் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்யும் மளிகைக் கடைக்காரர் என்று அவற்றின் முன் நிற்பவர்களும் பல தரப்பினர். வரி செலுத்துவோருக்கான உரிமைச் சாசனம் ஒன்றை வருமான வரித் துறை 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. கண்ணியமாக நடத்துவோம், சரியான தகவல் தருவோம், நியாயமான தொகையை மட்டும் வாங்குவோம் என்பவை அதன் உறுதிமொழிகள். மோட்டுப்பள்ளிச் சாசனம் கொடுத்த உறுதியும் கிட்டத்தட்ட இதுவே.

ஒன்று மட்டும் இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது. பிரான்மலையிலும் கொறுக்கையிலும் பாரூஸிலும் விகிதத்தைத் தமிழில் வெட்டினார்கள். கட்டுகிறவர் படித்துப் பார்த்துச் சரிதானா என்று சொல்ல முடிந்தது. இன்றைய நோட்டீசும் விகிதப் பட்டியலும் ஆடிட்டர் விளக்கினால்தான் புரியும் மொழியில் இருந்தால், கட்டுகிறவருக்கு அந்த உரிமை இல்லை என்றே பொருள். விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் தொழிலாளியும் கடையில் பில் போடும் சிறு வணிகரும், தாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும், ஏன் கட்ட வேண்டும் என்பதைத் தங்கள் மொழியில், தாங்களே படித்துத் தெரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும். வணிகர் சங்கங்களும் தொழிலாளர் அமைப்புகளும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.